முதுகில் ஒரு தட்டு

மாவட்டத்துக் கபடி அணிகளில் எசக்கிமுத்துவைப் பிடிக்கத் தெரிந்தது சங்கனாபுரத்துக்கு மட்டும்தான். அங்கே ஆடும் ஒல்லியான அற்புதராஜ், இவன் எந்தப் பக்கம் பாய்வான் என்று முன்பே தெரிந்தவன்போல் கணுக்காலைக் கவ்விவிடுவான். இந்த இறுதியாட்டத்திலும் அப்படித்தான் ஆனது. மண்ணில் அமுக்கிக்கொண்டே சிரித்தான்.

"வா மாப்ளே, ஒனக்காவத்தான் காத்துக் கெடந்தேன்."

எந்தப் பக்கம் போகப்போகிறான் என்பதை எசக்கிமுத்து ஒருவரிடம்தான் சொல்வது வழக்கம். அணித்தலைவர் பூல்பாண்டி, அக்காளின் கணவர். கேட்டுக்கொண்டு அவர் இவன் முதுகில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார்.

எசக்கிமுத்து பாடிப் போகவேண்டிய கடைசிப் பாட்டு. ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை.

"எந்தப் பக்கம்லே?"

"போயிப் பாத்துக்கிடுதேன் அத்தான்."

முதுகை விலக்கிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினான். தட்டுவதற்கு நீண்ட கை அந்தரத்தில் நின்றது.

எதிரே குனிந்து நின்ற அற்புதராஜ் இவன் காலைப் பார்க்கவில்லை, கண்ணையும் பார்க்கவில்லை. இவன் தோளுக்கு மேலாக, பின்னால் நின்ற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கபடி கபடி என்று பாடிக்கொண்டிருந்த எசக்கிமுத்துவின் மூச்சு, யாரும் தொடாமலே, அங்கே அறுந்தது.