சட்டி சொன்ன ருசி

சூசை அண்ணன் அவசரக்காரர். வலையைக் கடலில் விடுவதற்கு முன்பே படகில் அடுப்பை மூட்டி, மண்சட்டியில் புளிக்குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டார். மீன் எங்கே போய்விடும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வலைக்கோ அன்றைக்கு ஒரே முறுக்கு. இரண்டு தடவை இறக்கியும், வந்த மீனையெல்லாம் நழுவ விட்டது.

"சட்டியக்கா, எத்தனை மீன் பிடிச்சிருக்கேன்! ருசி மட்டும் தெரியாது. நீ சொன்னாத்தான் பிடிப்பேன்" என்றது.

குழம்பு வற்றிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் சட்டி வெடித்துவிடும். பயத்தில் அது வாய்க்கு வந்ததைச் சொன்னது.

"விடியக்காலையில தண்ணி மேல வெயில் மினுமினுன்னு ஆடுமில்ல? அதை அள்ளி, வெதுவெதுன்னு முழுங்கின மாதிரி இருக்கும்டி."

வலை அப்படியே சொக்கிப்போய்க் கடலுக்குள் இறங்கியது. ஏறி வரும்போது மடி நிறையச் சாளை மீன்.

சூசை அண்ணன் வயிறாரச் சாப்பிட்டார். "புளிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றபடி கை கழுவினார்.

வலை திடுக்கிட்டது. "புளிப்பா? வெயில்னு சொன்னியே அக்கா!"

"எனக்கு ஏதுடி நாக்கு? உயிருக்குப் பயந்து அளந்து விட்டேன்."

வலை மிதவைகள் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. பிறகு சட்டியின் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டது:

"நாளைக்கு நண்டு பிடிக்கலாம்னு இருக்கேன். அது எப்படி இருக்கும், சொல்லேன்."