எதிர்பார்க்கும் விடை

"மேகம் எங்கே காணப்படும்?" என்று கேட்டேன்.

ஆறாம் வகுப்பு மொத்தமும் சன்னல் பக்கம் கையை நீட்டியது.

"கீழ கெடக்கு சார்," என்றான் முதல் பெஞ்சு மயில்சாமி.

பொய் சொல்லவில்லை, பாவம். கொடைக்கானலில் அந்தப் பள்ளிக்கூடம் மலையின் விளிம்பில் இருந்தது. வத்தலக்குண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைவெளேரென்று மேகம் பரவிக் கிடந்தது.

என் பாடக்குறிப்பில் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் எதிர்பார்க்கும் விடை. முதல் கேள்விக்கு எதிரே 'வானத்தில் காணப்படும்' என்று கோடு போட்டு எழுதியிருந்தேன்.

அது மாணவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். ஆசிரியர் தானாகச் சொல்லிவிட்டால் மார்க் போச்சு. பி.டி. என்கிற ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் எங்களுக்கு ஓதி ஓதிச் சொன்ன சங்கதி அது. போன வருடம் பிராக்டிகலில் பையன்கள் விழித்தார்களே என்று இரக்கப்பட்டு நானே விடையைச் சொன்னேன். பெயில் போட்டுவிட்டார்கள்.

இது இரண்டாவது முறை. தேறினால் எங்கள் ஊர் அய்யம்பாளையத்துக்குப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் அப்பாவின் தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்க வேண்டியதுதான். பி.ஏ. படித்துவிட்டுத் தேங்காய் உரிப்பதில் எனக்கு வெட்கமில்லை. உரிக்க வராது, அதுதான் பயம்.

மற்றவர்களெல்லாம் மதுரை வெயிலில் தேர்வுக்கு நிற்க, நான் மட்டும் கெட்டிக்காரத்தனமாகக் கொடைக்கானலைக் கேட்டு வாங்கியிருந்தேன்.

கேள்வியை இன்னொரு தரம் கேட்டேன். இன்னும் கொஞ்சம் பலமாக, "கீழ" என்றார்கள்.

இதற்குள் மேகமே எழுந்து சன்னல் வழியாக வகுப்புக்குள் வந்துவிட்டது. நான் பஞ்சு ஒட்டிக் கொண்டுவந்திருந்த மேகப் படம் மறைந்தே போனது. பாடத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது, சன்னலைச் சாத்துங்கள் என்றேன்.

கடைசி பெஞ்சில் தேர்வாளர் சுவாமிநாதன் உட்கார்ந்திருந்தார். இரண்டு சுவெட்டர், குரங்குக் குல்லா, அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கம்பளி. மூக்கும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கண்ணாடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது.

தேர்வாளர் எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"மேகம் வானத்தில் காணப்படும், ஐயா."

சரியான விடை சொன்னால் உடனே பாராட்டி உட்காரவைக்க வேண்டும் என்பதும் எங்களுக்கு ஓதியதுதான். வாய் பழகிப்போய்விட்டது. நல்லது, உட்காரு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவர் உட்கார்ந்தார்.

அடுத்த கேள்விக்குப் போனேன். வெயில் காலத்தில் நம் உடம்பிலிருந்து என்ன வழியும்?

மூக்கு ஒழுகும் என்று வகுப்பு ஒருமனதாகச் சொன்னது. கை உயர்ந்தது. "வியர்வை வழியும், ஐயா."

ஈரத்துணியைக் கொடியில் போட்டால் எவ்வளவு நேரத்தில் காயும்? மூன்று நாள் என்றது ஒரு கட்சி, அடுப்புக்கு மேலே போட்டால் இரண்டு நாள் என்றது எதிர்க்கட்சி. கம்பளி மறுபடி எழுந்து, ஒரு மணி நேரத்தில் காயும் என்றது.

கொடைக்கானலில் அப்படி ஒரு அதிசயத்தைக் கேட்டு வகுப்பே பின்னால் திரும்பிப் பார்த்தது.

எட்டாவது கேள்விக்கு நடு பெஞ்சு அமலி எழுந்து, எல்லாக் கேள்வியையும் பின்னால் இருக்கிற பெரியவரிடமே கேட்டால் மற்றவர்கள் எப்படித் தேறுவது என்று முறையிட்டாள். நியாயம்தான். ஆனால் அன்றைக்குத் தேறவேண்டியவன் நான். அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவரையே கேட்டேன்.

பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு விடை. அத்தனையும் முழு வாக்கியத்தில். இப்படி ஒரு மாணவன் கிடைத்தால் யார்தான் ஆசிரியராக மாட்டார்கள்?

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள்.

சந்தோஷத்தில் மேசையைத் துடைக்கப் போனபோதுதான் என் பாடக்குறிப்பு நோட்டு அங்கேயே கிடப்பதைப் பார்த்தேன். பாடம் தொடங்குமுன் அதைத் தேர்வாளர் கையில் கொடுத்திருக்க வேண்டும். பதற்றத்தில் கொடுக்கவே இல்லை.

அப்படியானால் அவர் இவ்வளவு நேரம் எதைப் பார்த்து விடை சொன்னார்? அதுவும் நான் எழுதிவைத்ததில் ஒரு சொல் பிசகாமல்?

அவர் முன்னால் வந்து நோட்டை எடுத்தார். மார்க் போடும் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திருகியபடி நிதானமாகப் படித்தார். யார் எழுதியது என்று கேட்டார்.

நான்தான், மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன் என்றேன். அது சத்தியமான வார்த்தை. எங்கள் விடுதியில் பல வருடமாகக் கைமாறி வரும் நோட்டைப் பார்த்து, என் கையால்தான் எழுதினேன். எனக்கு முன்னால் லூர்துசாமி அண்ணன் எழுதினார். அவருக்கு முன்னால் யாரோ. முதலில் எழுதியது யாரென்று விடுதியில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதற்கப்புறமும் ஏதாவது இருக்கிறதா என்று அட்டை வரைக்கும் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"பன்னெண்டுதானே இருக்கு. பதிமூணாவத எங்கங்க விட்டீங்க?"

கையில் வந்ததே பன்னிரண்டுதான் சார் என்று உளறினேன்.

"நான் பதிமூணுல்ல எழுதினேன்," என்றார்.

பேனாவை என்னிடம் நீட்டி, அந்தக் கேள்வியையும் விடையையும் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். மை காய்கிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் தேர்ச்சி என்று போட்டார்.