பன்னிரண்டாவது சோடி

இரண்டு கைப்பட்டிகளும் மேசையில் கிடந்தன. நீல ஸ்டிக்கர் ஒட்டியது பூரணம் அம்மாவுக்கு. சிவப்பு, அவருடைய கணவர் சண்முகநாதன் ஐயாவுக்கு.

அம்மாவுக்கு அல்சைமர். ஐயாவுக்கு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாமல் இருப்பது அந்த வீட்டுக்கு முக்கியம். மகள் உதயகலா கனடாவில். அப்பா சுகமாக இருக்கும்வரை அம்மா வீட்டில் இருக்கலாம், அவருக்கும் ஏதும் என்றால் அம்மா முதியோர் இல்லத்துக்கு, அப்பா கனடாவுக்கு என்று அவள் முடிவாகச் சொல்லியிருந்தாள். என் ஆய்வுக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்த அன்றே ஐயா இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஒரே வீட்டில் நோயாளியின் நித்திரையையும் நோயில்லாதவரின் நித்திரையையும் ஒப்பிடுவது என் ஆய்வு. மறதி வெளியே தெரியவரும் முன்பே நித்திரை கெடத் தொடங்கிவிடலாம் என்பது அதன் அடிப்படை. கை அசைவைப் பதியும் இந்தப் பட்டிகளை உறையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். இரண்டு கிழமை இரவும் பகலும் கட்டியிருந்து திருப்பித் தருவார்கள்.

பதினொரு வீடுகளில் நான் நினைத்தபடியே வந்தது. இணுவிலில் இந்தப் பன்னிரண்டாவது வீடு மட்டும் தலைகீழ். நீலப் பட்டி ஆறரை மணித்தியாலம் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கியிருந்தது. சிவப்பு, ஓர் இரவில் ஒன்பது தரம் எழும்பி நடந்திருந்தது.

அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன்.

முதலில் அம்மாவிடம் வழக்கமான பத்துக் கேள்விகள். வருஷம் பிழை, மாதம் பிழை, மகளின் பெயரும் பிழை. தன்னுடைய பெயரை மட்டும், நான் கேட்டு முடிக்க முன்பே, பாடமாக்கிய பிள்ளை மாதிரிச் சொன்னார். பத்துக்கு ஒன்று என்று போட்டேன்.

பிறகு ஐயாவிடம் சிவப்புப் பட்டியைக் காட்டி, இதைக் கட்டியவருக்கு நித்திரையே இல்லையே என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

“சிவப்பு எண்டால் பொம்பிளையளுக்குத்தானே, பிள்ளை. பொட்டு மாதிரி வட்டமாயும் கிடந்துது. அதுதான் மாறிக் கட்டிப்போட்டன்.”

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், வட்டச் சிவப்பை ஆம்பிளைக்கு ஒதுக்கியது என் மடைத்தனம்தான். தாளில் ‘ஸ்டிக்கர் மாறியது’ என்று எழுதினேன். சந்தோஷமாகவே எழுதினேன்.

ஐயாவும் தெம்பாகிவிட்டார். நாற்பது வருஷமாகக் காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் கந்தசுவாமி கோயிலுக்குப் போய் வருகிறாராம். பத்து நிமிஷப் பாதை. பூரணம் வாழ்நாளில் ஒருநாளும் சைக்கிள் ஏறியதில்லை என்று கேலியும் செய்தார்.

அதுவரை நான் இரவுகளை மட்டும்தான் பார்த்திருந்தேன். சும்மா ஒரு ஒழுங்குக்கு, மடிக்கணினியைத் திறந்து பகல்களைப் பார்த்தேன்.

எங்கள் குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் சைக்கிள் ஓட்டும் கை எப்படி அதிரும் என்பது பட்டியில் தனியாகத் தெரியும். பதினாலு காலையும், ஆறு மணிக்கு, அந்த அதிர்வு இருந்தது.

சிவப்பில்.

ஒன்பதாம் நாள் அது பத்து நிமிஷத்தில் முடியவில்லை. நின்று, ஓடி, மறுபடி நின்று, எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்வரை போயிருந்தது.

நான் நிமிர்ந்தேன். ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி ஆறுது என்று எழும்பிக் குசினிக்குப் போனார்.

அம்மா கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டார்.

“ராவிலை எழும்பி, நீர் ஆர் எண்டு கேப்பார். பூரணம் எண்டு சொன்னால் படுத்திடுவார். மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

ஆய்வுத் தாளில் அவர் சொன்னதை எழுத ஒரு கட்டம் இல்லை.

பன்னிரண்டாவது சோடியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘ஆய்வாளரின் பிழை, ஸ்டிக்கர் நிறம்’ என்று எழுதினேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, வாற புதனும் வருகிறேன் என்றேன்.

இரண்டு பேரும் ஓம் என்றார்கள். எதற்கு என்று கேட்கவில்லை.