பக்கத்தில் உட்கார ஒரு ஆள்

"இன்னைக்கும் லீவு போடுங்க. நீங்க பக்கத்துல இல்லாம எனக்கு ஷேர் வியாபாரம் ஓடாது" என்றாள் மருமகள்.

மகனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தான்.

மாமியார் மருமகளைச் சமையலறைக்கு இழுத்து வந்தாள்.

"கைக்காசை எல்லாம் ஷேர்ல கரைச்சவன்மா அவன். அவன் சொன்னதை வாங்கியா நீ லாபம் பாக்கற?"

"யாரு வாங்கினா அத்தை?" மருமகள் கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறினாள். "அவர் வாங்கச் சொன்னா நான் கையில இருக்கறதை வித்துடுவேன். விலை விழுந்ததும் திரும்ப வாங்கிப்பேன்."

"விழும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"விலை பழைய உச்சத்தை நிஜமாவே தாண்டினா, 'பொறு, பாப்போம்'னு பயப்படுவாரு. சும்மா எட்டிப் பாத்துட்டு விழப்போறதுன்னா 'வாங்கு, வாங்கு'ன்னு துள்ளிக் குதிப்பாரு. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

மாமியாருக்குச் சுருக்கென்றது. என்ன இருந்தாலும் பெற்ற பிள்ளை. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் கூடத்திலிருந்து மகனின் குரல் வந்தது.

"உச்சத்தைத் தாண்டிடுச்சு. ஓடி வா, இருக்கற காசுக்கெல்லாம் வாங்கு."

மாமியார் மருமகளின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் முகத்தை என்ன பாக்கற? ஓடிப்போய் வித்துட்டு வா."