அண்ணன் படித்த நாவல்

என் புது நாவலைக் காப்பி மேசைமேல் விட்டெறிந்தார் அண்ணன். பொமரேனியா மாகாணத்தில் இருக்கும் எங்கள் பண்ணை மாளிகை முழுவதும் கேட்கும்படி கத்தினார்.

"சலவைக்காரிக்குப் பிறந்த சொந்த மகளையே வீட்டுல வேலைக்காரியா வச்சிருக்கிற பிரபு! ஏன் ஹெட்விக், குடும்ப மானத்தை அச்சடிச்சு விக்கிறியா? யார் சொன்னது உனக்கு?"



காப்பி ஊற்றிக்கொண்டிருந்த வேலைக்காரி லீஸ்பெத் பக்கம் அவர் திரும்பினார். "நீதானே? சாகும்போது உங்கம்மா உளறிட்டுப் போனாளா? எடு உன் பணிப் புத்தகத்தை! வாய் நீளம்னு எழுதித் தர்றேன். அப்புறம் எந்த வீட்டுல உன்னைச் சேர்க்கிறாங்கன்னு பார்க்கிறேன்!"

"சத்தியமா எங்கம்மா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க, எஜமான்," என்று அழுதாள் அவள்.

"அவளை விடுங்க அண்ணா." நான் எழுந்தேன். "எனக்கு யாரும் எதுவும் சொல்லலை. அந்தக் கதை முழுக்க என் கற்பனை."

 எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி, கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கணவரையும் லீஸ்பெத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். 

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உட்காரு லீஸ்பெத். இது உன் அப்பா வீடு."