இரண்டு விநாடி அசையாமல்

கட்டிலில் கிடந்த அருளப்பனுக்குக் கண் கூசும் என்று மகள் ப்ளாஷை அணைத்துவிட்டுக் கேமராவை ஸ்டாண்டின் மேல் ஏற்றினாள். அறையில் ஒரே ஒரு சின்ன பல்புதான். அந்த வெளிச்சத்தில் படம் விழ, கேமரா இரண்டு விநாடி கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதுவரை எதிரே யாரும் அசையக் கூடாது.

கட்டிலைச் சுற்றிக் குடும்பமே சிலை மாதிரி நின்றது. படத்தில் எல்லாரும் தெளிவாக விழுந்தார்கள். அருளப்பன் மட்டும் கலங்கிப்போயிருந்தார்.

"பெரியவர்தான் கெடுத்துட்டார், ஸ்டாண்டு அண்ணே! நெஞ்சு ஏறி ஏறி இறங்குது," என்று கேமரா சலித்துக்கொண்டது.

"மூச்சு விடாம எப்படிடா இருப்பார்? பேசாம இரு," என்றது ஸ்டாண்டு.

மறுநாள் காலை, அதே பல்பு வெளிச்சத்தில், விசும்பிக்கொண்டே மகள் இன்னொரு படம் எடுத்தாள்.

கேமராவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "அண்ணே, பாருங்க! இன்னைக்குத் தாடியில ஒவ்வொரு முடியும் தெரியுது. சொன்ன பேச்சைக் கேட்டுட்டார். மத்தவங்கதான் குலுங்கிக் குலுங்கிக் கெடுத்துட்டாங்க. நாளைக்கு எல்லாரையும் இவர் மாதிரி இருக்கச் சொல்லணும்."

ஸ்டாண்டு கட்டிலையே பார்த்தது.

"என்னண்ணே," என்றது கேமரா, "நீங்க ஏன் இப்ப ஆடுறீங்க?"