லேபிள் இல்லாத டப்பா

“எழுதிக் கொடுக்கிற பழக்கமெல்லாம் நமக்குக் கிடையாதும்மா. சனிக்கிழமை வா, பார்த்துக் கத்துக்கோ.”

கண்டக்டர் மாமா இதைச் சொல்லிவிட்டு இன்னொரு பிரௌனியை அவள் தட்டில் வைத்தார். வாயை அடைக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள் அவள். மருந்துக்கடையில் வேலை. “பிரௌனிதானே அண்ணி, வாங்க, நானே செஞ்சு தர்றேன்” என்று ஊரிலிருந்து வரப்போகும் நாத்தனாரிடம் போனில் வாயை விட்டிருந்தாள். இப்போது செய்முறைக்கு எங்கே போவது?

சனிக்கிழமை போனாள். முதல் மாடி டெய்லர் அக்கா முதற்கொண்டு பாதிக் கட்டடம் மாமாவின் சமையலறையில் நின்றது.

“உள்ள போங்க, உள்ள போங்க! வழியில நிக்காதீங்க!”

மாமா ஓய்வு பெற்றுவிட்டாலும் பஸ் இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை.

வெண்ணெயும் சாக்லேட்டும் உருகும்வரை எல்லாம் வெட்டவெளிச்சம். அதற்கப்புறம்தான் தகிடுதத்தம். கப்பைக் கையால் மறைத்தபடி மாவை அளந்தார். பெயர் ஒட்டாத பாட்டிலிலிருந்து கோகோவைக் கொட்டினார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ போட்டார்.

“மாமா, என்ன போட்டீங்க?” டெய்லர் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“அதைச் சொல்லிட்டா நாளைக்கு என்னை யாரு மதிப்பா?”

ஓவன் கதவைச் சாத்தி, “ரைட், போலாம்!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமும் இதே கூத்து.

“அளவைச் சொன்னா குறைஞ்சா போயிடுவாரு? இப்படியும் ஒரு கஞ்சத்தனமா?” என்று வீட்டில் பொரிந்து தள்ளினாள். மாமா கொடுத்தனுப்பிய பிரௌனி வாயில் இருந்ததால் கணவன் பொதுவாகத் தலையாட்டி வைத்தான்.

தானே முயன்று பார்ப்போம் என்று தெருமுனைக் கடையில் ஒரு கோகோ டப்பா வாங்கி வந்தாள். எதை வாங்கினாலும் லேபிளை முழுக்கப் படிக்காமல் அவளால் கீழே வைக்க முடியாது. தொழில் புத்தி. டப்பாவைத் திருப்பினாள்.

பின்பக்கம், பொடி எழுத்தில், பிரௌனி செய்முறை! வெண்ணெய், சாக்லேட், சர்க்கரை, முட்டை, மாவு... கடைசியில், ‘அரை ஸ்பூன் காபித் தூள்.’

அடப்பாவி மனுஷா, முதுகைத் திருப்பிக்கொண்டு போட்டது இதுதானா?

உடனே செய்து பார்த்தாள். மேலே மெல்லிசாகப் பளபளவென்று ஓடு, உள்ளே பிசுபிசுவென்று சாக்லேட். அச்சு அசல் மாமா வீட்டு பிரௌனி.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அச்சடித்து ஊருக்கே கொடுத்ததைத் தன் ரகசியம் என்று சொல்லிக்கொண்டு என்ன ஒரு பந்தா! லேபிளைப் படம் பிடித்தாள். ‘கண்டக்டர் மாமாவின் ரகசியம் இதோ!’ என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அடித்தாள். அனுப்புவதற்கு முன் யாரிடமாவது நேரில் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. டெய்லர் அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு போனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. உள்ளே போய்த் தன் கோகோ டப்பாவை எடுத்து வந்து காட்டினாள்.

லேபிளே இல்லை. சுரண்டின இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பசை.

“எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். அங்க வர்ற எல்லாருக்கும் தெரியும். மாமா எப்பவாவது வீட்டுக்கு வந்தா அவர் கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு ஆளாளுக்குக் கிழிச்சுட்டோம்.”

“அப்புறம் எதுக்குக்கா வாராவாரம் போய் என்ன போட்டீங்க, என்ன போட்டீங்கன்னு கேக்கறீங்க?”

“அத்தை போனப்புறம் மாமா கதவையே திறக்கலம்மா. யார்கிட்டயும் பேச்சு இல்ல. ஒருநாள் இந்த வாசனை வந்துச்சு. போய்த் தட்டினோம். ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தாரு. எப்படி மாமா செஞ்சீங்கன்னு கேட்டதும் சிரிச்சாரு பாரு ஒரு சிரிப்பு... ‘அது ரகசியம், சனிக்கிழமை வாங்க’ன்னாரு.”

அக்கா மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள்.

“அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மனுஷன் எழுந்து நடமாடுறாரு. இனிமே உன் இஷ்டம். அனுப்பணும்னா அனுப்பு.”

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடித்ததையும் அழித்தாள், படத்தையும் அழித்தாள். வீட்டுக்குப் போய் டப்பாவை வெந்நீரில் ஊறவைத்து, லேபிளைச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினாள். பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, எனக்கு வராது. சனிக்கிழமை வாங்க, எங்க கண்டக்டர் மாமா செய்வாரு, சேர்ந்து போய்ப் பார்க்கலாம்.”

சனிக்கிழமை மாமா முதுகைத் திருப்பியதும், டெய்லர் அக்காவை முந்திக்கொண்டு அவளே கேட்டாள்.

“மாமா, என்ன போட்டீங்க? என்கிட்ட மட்டுமாவது சொல்லக் கூடாதா?”

“சொல்லுவேனா!” மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அவள் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பசை. அவள் சட்டென்று கையைப் பின்னால் மறைத்தாள்.

மாமா அலமாரியிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டி, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார்:

“லேபிள் பசை எண்ணெய் தடவித் தேய்ச்சாத்தான் போகும்மா. நம்ம டெய்லருக்கும் அதுலதான் போச்சு.”